92 சதவீதம் என்ற அறிக்கையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: விருதுநகரில் மளிகைக் கடை நடத்துகிறேன். எங்கள் ஆண்டிராய்டு செயலியைச் செய்து தந்தவர்கள், "தானியங்கிச் சோதனை 92 சதவீதம் முடிந்தது" என்று ஒவ்வொரு முறையும் அறிக்கை தருகிறார்கள். ஆனால் அப்டேட் வந்தாலே ஏதாவது ஒன்று கெட்டுவிடுகிறது. போன மாதம் சரியாக 500 ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கெல்லாம் டெலிவரிக் கட்டணம் விழுந்துவிட்டது. இப்போது "யூஐ டெஸ்டிங்" என்று மாதாமாதம் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்த பணத்துக்கு என்ன வேலை நடந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் கடை விதி, 500 ரூபாயும் அதற்கு மேலும் வாங்கினால் டெலிவரி இலவசம் என்பது. நிரலில் யாரோ "500-க்கு மேல்" என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு சமக்குறி விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். இதைப் பிடிப்பதற்காகவே யூனிட் டெஸ்ட் இருக்கிறது. கட்டணம் கணக்கிடும் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, 499 கொடுத்தால் கட்டணம் வருகிறதா, 500-க்கும் 501-க்கும் பூஜ்யம் வருகிறதா என்று கணினியே கேட்டுச் சரிபார்க்கும். போன் கூடத் தேவையில்லை, ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் 92 சதவீதம் எப்படி வந்தது? அது "கவரேஜ்" என்ற கணக்கு. சோதனையின்போது நிரலின் எத்தனை வரிகள் ஓடின என்பதைத்தான் அது சொல்லும், அவை சரியாக ஓடினவா என்பதைச் சொல்லாது. அவர்கள் 300 ரூபாய்க்கு ஒரு டெஸ்ட், 900 ரூபாய்க்கு ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால் அந்தப் பகுதியின் எல்லா வரிகளும் ஓடிவிடும். கவரேஜ் முழுதாகக் காட்டும், 500-இல் இருந்த ஓட்டை அப்படியே இருக்கும். இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனம் தந்த நூற்றுக்கும் மேற்பட்ட டெஸ்ட்களைத் திறந்தபோது, பெரும்பாலானவற்றில் விடையைச் சரிபார்க்கும் வரியே இல்லை. நிரலை ஓட்டிவிட்டு "தேர்ச்சி" என்று பச்சை நிறம் காட்டுவதோடு சரி. அதற்கும் அந்த வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகள் பணம் கட்டியிருந்தார். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆகவே அறிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் அலுவலகத்தில் பக்கத்தில் உட்காருங்கள். நிரலில் டெலிவரி விதியின் 500-ஐ 600 என்று மாற்றி எல்லா டெஸ்ட்களையும் ஓட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று சிவப்பாக வேண்டும். எல்லாமே பச்சையாகவே நின்றால் உங்கள் விதிக்குக் காவலே இல்லை என்று பொருள். பழையபடி மாற்றிவிட்டு, தள்ளுபடி, இருப்பு, ஜிஎஸ்டி என்று இன்னும் மூன்று இடங்களில் இதையே செய்யச் சொல்லுங்கள். நிரல் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனை இது. தயங்குகிறவர்களிடம் அடுத்த மாதத்துக்குப் பணம் தராதீர்கள்.

யூஐ டெஸ்ட் என்பது திரையையே தொட்டுப் பார்ப்பது. கூகுளின் எஸ்பிரஸ்ஸோ என்ற கருவி பொத்தானைத் தானே அழுத்தும், எழுத்தைத் தானே தட்டும், திரையில் வருவதைப் படித்துப் பார்க்கும். மெதுவானது, பராமரிப்புச் செலவும் அதிகம். உங்களைப் போன்ற கடைக்கு உள்நுழைவு, பொருள் தேடல், கூடையில் சேர்த்தல், ஆர்டர் என்ற பாதைகளுக்கு இருந்தால் போதும். "சில நேரம் சிவப்பாகும், மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்" என்று சொன்னால் விடாதீர்கள். பெரும்பாலும் திரை தயாராகும்வரை காத்திருக்க வைக்காமல் "ஐந்து விநாடி நில்" என்று எழுதியிருப்பார்கள். இணையம் மெதுவானால் அது தோற்கும். இல்லையென்றால், சோதனைப் போனில் அனிமேஷன்களை (திரை நகரும் அசைவுகளை) நிறுத்தாமல் விட்டிருப்பார்கள்.

இன்னொரு ஏமாற்று. பிளே ஸ்டோரில் செயலியை வெளியிடுவதற்கான கூகுளின் தளமான பிளே கன்சோலில் சோதனைப் பதிப்பை ஏற்றினாலே கூகுள் அதைப் பல போன்களில் தானாக ஓட்டி, எங்கே செயலி நின்றுபோனது என்று படங்களோடு அறிக்கை தரும். இதற்குக் கட்டணம் கிடையாது. சில நிறுவனங்கள் அதைத் தரவிறக்கித் தங்கள் முத்திரையைப் போட்டு விற்கின்றன. அது கண்ட இடத்தையெல்லாம் தட்டிப் பார்க்குமே தவிர, உங்கள் 500 ரூபாய் விதி அதற்குத் தெரியாது.

செயலி ஏற்கெனவே வெளியாகிவிட்டதால் இது உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு பிளே கன்சோலில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், செயலியை எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்திருக்க வேண்டும் என்கிறது கூகுள். முதலில் இது 20 பேராக இருந்தது. தரத்துக்காகப் போட்ட விதி, இன்று "12 பேர் ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று தரகர்கள் காசு பார்க்கும் வியாபாரமாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது செயலியைத் திறந்து பார்ப்பாரா? சின்னக் கடைக்காரர்களின் தலையில் இதைக் கட்டியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

பணம் செலுத்தும் இடத்தை மட்டும் தானியங்கிச் சோதனையிடம் முழுதாக விடாதீர்கள். வாடிக்கையாளர் யுபிஐ செயலிக்குத் தாவியதும் அவர் உங்கள் செயலியை விட்டு வெளியே போய்விடுகிறார். எஸ்பிரஸ்ஸோ அங்கே போகாது. வேறு கருவிகள் போகும் என்றாலும் உங்கள் உண்மையான பின் எண்ணை எந்த டெஸ்டிலும் எழுத விடாதீர்கள். பணப் பரிமாற்ற வசதி தரும் நிறுவனங்கள் உண்மைப் பணம் நகராத சோதனை முறையை வைத்திருக்கின்றன. பணம் வந்தது, வரவில்லை, நிலுவையில் நிற்கிறது ஆகிய மூன்றுக்கும் உங்கள் செயலி என்ன செய்கிறது என்று அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் கடைசியை விட்டுவிடுவார்கள். வங்கியில் பணம் கழிந்து, உங்களிடம் ஆர்டர் பதிவாகாமல் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது அங்கேதான். அதன் பிறகும், ஒவ்வொரு அப்டேட்டும் வெளியாகும் முன் உங்கள் போனிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை ஆர்டர் செய்து உண்மையாகவே பணம் செலுத்துங்கள். இன்னொரு முறை, பின் எண் கேட்கும்போது பாதியில் பின்னோக்கி வந்து பாருங்கள்.

டெஸ்ட்கள் அனைத்தும் செயலியின் நிரலோடு (சோர்ஸ் கோடு) சேர்ந்து, நிரலைச் சேமிக்கும் தளத்தில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இனி எந்தப் பிழையைத் திருத்தினாலும், அதைப் பிடிக்கும் டெஸ்டை முதலில் எழுதிச் சிவப்பாக்கிக் காட்டிவிட்டுப் பிறகு திருத்த வேண்டும். 500 ரூபாய்ப் பிழைக்கு அந்த டெஸ்ட் எழுதப்பட்டதா என்று நாளைக் காலையிலேயே கேளுங்கள்.