வயலைச் சுற்றி வருவது நடைப்பயிற்சி ஆகுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 54. திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடைக் கிராமம், நாலு ஏக்கர் நிலம். மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, திறந்தாலும் எங்கள் வாய்க்கால் வரை வருமா என்று வருடா வருடம் இதே பாடு. இப்போது வளைகுடாவில் இருக்கும் மகனின் வேலை ஒப்பந்தமும் இழுபறியில் இருக்கிறது. சில மாதங்களாக ராத்திரி மூன்று மணிக்கு வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கம் இல்லை. செல்போனில் அணை நீர்மட்டம் பார்த்தபடி கிடக்கிறேன். ஈ.சி.ஜி. நார்மல். சர்க்கரைக்கு ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ‘நடங்க, ஏதாவது படிங்க, மனசு அமைதியாகும்’ என்கிறார்கள். நாள் முழுக்க வயலில்தானே நடக்கிறேன்? புத்தகத்தை எடுத்தால் ரெண்டு பக்கம் தாண்டவில்லை. தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மன அமைதியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் அந்த மூன்று மணி வியர்வை.

வியர்வையும் படபடப்பும் என்றால் எல்லோரும் கவலை என்றுதான் சொல்வார்கள். ஆனால் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கினாலும் அச்சு அசலாக இதேதான் நடக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளில் இது அதிகம். கவலையில் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பீர்கள். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருப்பீர்கள். அடுத்த தடவை முழிப்பு வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். மறுநாளே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முழிப்பு வந்த நேரத்தில் பார்த்த சர்க்கரை சரியாகவே இருந்தால், தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துவிடலாம். அதற்குப் பிறகுதான் கவலையின் மேல் பழி போட வேண்டும்.

சரி, நடைக்கு வருவோம். உங்கள் கேள்வி நியாயமானது. கால் நடக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் வயலுக்குப் போவது மேற்பார்வை. நாலடி வைத்து நிற்கிறீர்கள், மடையைப் பார்க்கிறீர்கள், இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஒவ்வொரு வரப்பும் உங்களிடம் ஏதாவது ஒன்று கேட்கிறது. உடம்புக்கு அது வேலை, மனசுக்கு அது கணக்கு. நான் சொல்லும் நடை, நீங்கள் எதையும் கவனிக்க வேண்டியில்லாத இடத்தில், நிற்காமல், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் நடப்பது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு.

அதனால் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் வேண்டாம். டெல்டாக்காரருக்கு இப்படி ஒரு யோசனை விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்காமல் உங்களால் அங்கே பத்தடி நடக்க முடியுமா? கோயிலைச் சுற்றி நடங்கள், பள்ளிக்கூட மைதானத்தில் நடங்கள், பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்புங்கள். ஒரே வழி, தினமும் அதே வழி. அலுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

பயப்படும்போது உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. பாயில் படுத்தபடி அணை மட்டம் பார்ப்பவருக்கு அந்த முறுக்கு செலவாவதே இல்லை. பெரிய தசைகளைச் சீராக வேலை வாங்கினால்தான் அது இறங்கும். காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தையும் சரிசெய்யும், ராத்திரித் தூக்கம் நேரத்துக்கு வரும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அரைமணி வீதம் ஐந்து நாள்; முதல் வாரம் பத்து நிமிடம் போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் சர்க்கரைக்கும் நல்லது.

காலையில் விடியும் முன் இருட்டில் கிளம்பாதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. அந்திக்கு மேல் போனால் டார்ச் அவசியம். வெறுங்காலோடு வேண்டாம், மருத்துவமனைகளில் சர்க்கரைக்காரர்களுக்குச் சொல்லும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் ரெண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ அங்கேயே நின்று உதவி கேளுங்கள். படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்பது நடக்கும்போது வரும் வலிக்கு உத்தரவாதம் இல்லை.

படிப்பு ரெண்டு பக்கத்தில் நின்றுபோவதற்குக் கவலை ஒரு காரணம். கண்ணாடி இன்னொரு காரணமாக இருக்கலாம். 54 வயதில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருப்பது சகஜம். அதோடு சர்க்கரை ஏறி இறங்கினால் பார்வையும் கூடவே மாறும். விழித்திரைச் சோதனை வருடம் ஒருமுறை எப்படியும் செய்ய வேண்டியது. அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

அப்புறம் என்ன படிப்பது? நாளிதழ் இந்தக் கணக்கில் சேராது. செல்போனும் சேராது, அதில் விரல் தானாக நீர்மட்டத்துக்குப் போய்விடும். முன்னாலேயே படித்துப் பிடித்துப்போன ஒரு கதையை மறுபடி எடுங்கள். அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்த விஷயம் இப்போதைக்கு உங்களிடம் அது ஒன்றாவது இருக்கட்டுமே. வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. வாக்கியம் முடியும்வரை மூச்சு மெதுவாக வெளியே போகும், அதுவே படபடப்பைக் கொஞ்சம் தணிக்கும். ரெண்டு பக்கம்தான் வருகிறதா, ரெண்டு பக்கம் போதும். புத்தகத்துக்கு உங்கள் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. 1931-லேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஜில்லாக்காரர் நீங்கள் புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்லக் கூடாது!

அணை மட்டம் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது உங்கள் பிழைப்பு. மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், மகனிடம் கேட்க வேண்டியதையும் அப்போதே எழுதிவிடுங்கள். ராத்திரி போன் வேறு அறையில் இருக்கட்டும்.

தூக்க மாத்திரை இப்போது வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் வகை சில வாரங்களிலேயே பழகிவிடும், பிறகு விடுவது கஷ்டம். குடியும் அப்படித்தான், தூங்க வைக்கும், நடு ராத்திரியில் எழுப்பியும் விடும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எதிலும் பிடிப்பில்லாமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் நடையும் புத்தகமும் போதாது. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்; விவசாயக் குடும்பம் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது இது. அப்படி நினைப்பு இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்தில் தூக்கம் தேறவில்லை என்றால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது சர்க்கரை அளவு எழுதிய நோட்டையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.