கொடுத்த பணம் என்ன ஆச்சு என்று படம் போட்டுக் காட்டுவது எப்படி? கேள்வி பதில்

வட சென்னையில் டியூஷன் சென்டர், உதவித்தொகை என்று நடத்துகிற பலருக்கு நன்கொடையாளர் அறிக்கையைப் படமாக்கித் தருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இதோ பதில்.

வியாசர்பாடி: அக்கா, எத்தனை நோட்டு, எத்தனை பை கொடுத்தோம் என்று வருஷா வருஷம் பார் சார்ட் அனுப்புகிறோம். ஒருத்தரும் பதில் போடுவதில்லை. வேறு என்ன காட்டலாம்?

நோட்டுக் கணக்கு பில்லிலேயே இருக்கிறது தம்பி. பிள்ளைக்கு என்ன ஆச்சு என்பதுதான் பணம் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியது. ஜூனில் சேரும்போதே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிரதம் என்கிற கல்வித் தொண்டு அமைப்பு பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்க 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகத்தான் பார்க்கிறார்கள், உங்களுக்கும் அது போதும். பிப்ரவரியில் மறுபடி அதே மாதிரி. நாற்பது பிள்ளைகள் என்றால் வரிசைக்குப் பத்தாக நாற்பது கட்டம் போட்டு, பத்தி வாசிக்கிற பிள்ளையின் கட்டத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள், ஜூன் இடப்பக்கம், பிப்ரவரி வலப்பக்கம். நிறமில்லாத கட்டமும் கண்ணில் படும். படட்டும், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே கேட்கப் போகிறீர்கள்! ஒன்று மட்டும், எல்லாம் எங்களால்தான் என்று எழுதாதீர்கள், பள்ளிக்கூட டீச்சரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

காசிமேடு: எங்கள் உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளின் தேர்ச்சி 72 சதவீதத்திலிருந்து 78 ஆனது. படத்தில் வித்தியாசமே தெரியவில்லை. பட்டையை 70இல் தொடங்கலாமா?

கூடவே கூடாது. 70இல் தொடங்கினால் ஒரு பட்டை இன்னொன்றைப் போல நாலு மடங்கு உயரம் ஆகிவிடும், பார்ப்பவர் அதைத்தான் நம்புவார். மொத்தமே ஐம்பது பேர் என்றால் 36 பேர் 39 ஆகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கூடுதலாக மூன்று பேர் பாஸ் என்று தலைப்பிலேயே போடுங்கள். மூன்று பிள்ளைகள் என்பது சின்ன விஷயம் இல்லை.

தண்டையார்பேட்டை: இந்த வருஷம் இரண்டு மடங்கு பை கொடுத்தோம், அதனால் பைப் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். சரிதானே?

இல்லை. உயரமும் அகலமும் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்காகிவிடும். வியன்னாவில் புள்ளிவிவரங்களைப் படமாக்கிக் காட்டிய ஓட்டோ நியூராத் 1920களிலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்: படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தையே எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதலாகச் சேர்.

புளியந்தோப்பு: பிள்ளைகளின் போட்டோவும் எந்தத் தெரு என்று மேப்பும் போட்டால் நன்கொடையாளருக்கு நெருக்கமாக இருக்குமே?

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது முடியாத எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, அவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், சின்னத் தெருவில் ஒரு புள்ளி வைத்தால் எந்த வீடு என்று அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். உதவி வாங்கிய குடும்பத்தைத் தலைகுனிய வைக்கக்கூடாது. வார்டு அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணூர்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், கூடவே எண்ணெய்க் கசிவு. எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை அப்படியே விழுந்துவிட்டது. பழைய கணக்கைப் போடும்போது அந்த மாசத்தை விட்டுவிட்டுக் கோடு போடலாமா அண்ணி?

விடவே விடாதீர்கள். கோடு பள்ளமாக இறங்குகிற இடத்திலேயே "புயல், எண்ணெய்க் கசிவு" என்று சின்னதாக எழுதுங்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கு அந்த டிசம்பர் மறக்குமா? பள்ளத்திலிருந்து எத்தனை வாரத்தில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள் என்று பாருங்கள், வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டீர்களே, அந்த உழைப்பு முழுக்க அந்த ஏற்றத்தில்தான் தெரியும். அந்த மாசத்தை வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். படத்தை வருமான வரிக்கான நன்கொடைச் சான்றிதழோடு சேர்த்து அனுப்புங்கள், அந்த மெயிலை யாரும் திறக்காமல் விடுவதில்லை.