ஸ்கீ, தடி, சப்பாத்து மூன்றையும் கை நோகாமல் எப்படிக் கொண்டுபோவது?

கேட்டவர் பிள்ளைகளோடு முதல் தடவையாகச் சுவிஸ் மலைக்கு ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, செய்யப் போகிறார். ரயிலில் இறங்கி, ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் வரைக்கும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், லேசான வழி இருக்கிறதா என்பது கேள்வி. இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீலாகரிலேயே (ஸ்கீ முகாமிலேயே) இதைப் பழகிவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு பனியில் கால் வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

பெரியவர்களின் ஒரு சோடி ஸ்கீ, பைண்டிங்கோடு (சப்பாத்தை ஸ்கீயில் பூட்டும் பகுதி) சேர்த்து 5, 6 கிலோ வரும். சப்பாத்துச் சோடி சுமார் 4 கிலோ. ஆக மொத்தம் 10 கிலோ சொச்சம். பாரம் என்று பார்த்தால் இது பெரிதில்லை. ஆனால் ஆள் உயரத்துக்கு நீளம், அடிப்பக்கம் மெழுகு பூசிய வழுக்கல், ஓரமெல்லாம் உருக்கு விளிம்பு. கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தால் இரண்டு ஸ்கீயும் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து, ஒன்று நிலத்தில் இழுபடும். அதனால் முதல் வேலை, இரண்டையும் ஒன்றாகப் பூட்டுவது.

அதற்கான பூட்டு ஸ்கீயிலேயே இருக்கிறது. பைண்டிங்கின் குதிப் பக்கத்தில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களைப் பாருங்கள். ஸ்கீ காலிலிருந்து கழன்றால் பனியில் குத்தி நிற்பதற்கான பிரேக் அவை. ஸ்கீ இரண்டையும் நிமிர்த்தி, வழுக்கும் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க ஒட்டிப் பிடியுங்கள். ஒன்றை ஒரு சாண் மேலே தூக்கி, அப்படியே கீழே இறக்குங்கள். அதன் பிரேக் மற்றதன் பிரேக்கில் போய்க் கொளுவிக்கொள்ளும். மேலும் கீழுமாகத் தேய்த்து விளையாட வேண்டாம், விளிம்பு அடிப்பக்கத்தைக் கீறிவிடும். கையுறையோடு செய்யுங்கள்.

இனித் தோள். கூர் முனை முன்னுக்கு, வால் பின்னுக்கு. கால்விரல் பக்கத்துப் பைண்டிங் தோளுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி வைத்தால், அதுவே தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வழுக விடாது. அந்தப் பக்கத்துக் கையை ஸ்கீயின் முன் பகுதியின் மேல் மெல்ல அழுத்தி வைத்தால் போதும், இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. நடக்கும்போது ஒரு ஸ்கீ மட்டும் நழுவுகிறதா? பூட்டிய சோடியை அப்படியே புரட்டி, அடியில் இருந்தது மேலே வரும்படி வையுங்கள், நின்றுவிடும். பைண்டிங்கைத் தோள் எலும்பின் மேலேயே வைத்துக்கொண்டு “நோகுதே” என்று முகம் சுளித்தபடி நடப்பவர்களை ஒவ்வொரு வின்டரிலும் பார்க்கிறேன். நாலு விரலளவு நகர்த்தினால் முடிகிற அலுவல்.

தடிகள் மற்றக் கையில், ஊன்றுகோலாக. பனி இறுகிப்போன வழியில் அது பெரிய உதவி. தோள் களைத்தால் தடிகளை மற்றத் தோளின் மேலாகப் போட்டு, பின்னால் ஸ்கீயின் அடியில் கொடுத்து நெம்புங்கள். பாரம் இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடும்.

இந்தத் தோள் முறை ஆள் குறைந்த இடத்துக்குத்தான். செர்மாட் போன்ற ஊரில் பெட்ரோல் கார் கிடையாது, மின்சார டாக்சிகள் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும். நீங்கள் திரும்பிப் பார்த்தால் ஸ்கீயின் வாலும் உங்களோடு சேர்ந்து சுற்றும், பின்னால் நிற்பவரின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். சனக்கூட்டத்தில், ரயிலில், கேபிள் காரில் எல்லாம் நிமிர்த்திப் பிடிப்பதுதான் மரியாதை.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடப்பதா, தூக்கிக்கொண்டு நடப்பதா என்று கேட்டால், ஐந்து நிமிட நடை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். மேல் கிளிப்புகளையும் பட்டையையும் தளர்த்திவிட்டு, குதியை முதலில் ஊன்றி நடக்க வேண்டும். அதைவிடத் தூரம் என்றால் சாதாரண வின்டர் சப்பாத்தோடு போய், ஸ்கீ சப்பாத்தை முதுகுப் பையில் போடுங்கள். பை இல்லையென்றால் இரண்டின் மேல் பட்டைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஸ்கீ இல்லாத தோளில் ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்குமாகத் தொங்கவிடலாம். காலில் இல்லாத நேரத்தில் கிளிப்புகளை இலேசாகப் பூட்டி வைத்தால் வடிவம் கெடாது. இரவு காரின் டிக்கியில் மட்டும் விடவேண்டாம். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, காலையில் கால் உள்ளே போக மாட்டேன் என்னும்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தோள் முறை சரிவராது. பூட்டிய ஸ்கீயை இரண்டு முழங்கை மடிப்பிலும் குறுக்காகக் கிடத்தி, தடியையும் மேலே வைத்தால் அவர்களே தூக்கி வருவார்கள். கொஞ்சத் தூரத்துக்குத்தான். பிறகு எப்படியும் உங்களிடம் வரும், அதற்கு ஒரு கையை மிச்சம் வையுங்கள். வெங்கன் போலக் காரில்லாத ஊரில் தங்கினால், மரச் சறுக்குவண்டி ஒன்றில் எல்லாவற்றையும் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். பிள்ளைகள் அதைத் தாங்களே இழுக்கப் போட்டி போடுவார்கள்.

தோளில் மாட்டும் வார், சில்லு வைத்த பை என்று கடையில் நிறைய விற்கிறார்கள். சில்லுப் பை விமான நிலையத்துக்குச் சரி, பனியில் உருளாது. காசு கொடுத்து வாங்கத் தகுந்தது ஸ்கீயைச் சுற்றிக் கட்டும் வெல்க்ரோ பட்டை இரண்டுதான், சட்டைப் பொக்கெற்றில் அடங்கும்.

எல்லாவற்றையும்விட லேசான வழி, தூக்காமல் இருப்பது. லிஃப்ட் அடிவாரத்துக் கடையிலேயே வாடகைக்கு எடுங்கள். பல கடைகள் இரவில் தாங்களே வைத்துக்கொள்ளும், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரைத் தெரிவு செய்யும்போதும் நடையைக் கணக்கில் எடுங்கள். கிரின்டெல்வால்டில் ரயில் ‘டெர்மினல்’ என்ற நிலையத்தில் நிற்கும், அங்கேயே கோண்டல், அதாவது சின்னப் பெட்டிகள் கொண்ட கேபிள் கார். 2020 டிசம்பரிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு கேபிள் காரும் அதே கட்டடத்திலிருந்துதான் புறப்படுகிறது. பிள்ளைகளோடு முதல் தடவை என்றால் நான் அங்கேதான் போகச் சொல்வேன்.