பூமியின் மேற்புறத் தட்டுகளில் ஒன்று இன்னொன்றின் அடியில் செருகும் இடத்து எரிமலைகள் கக்கும் வாயு எங்கிருந்து வருகிறது?

பரீட்சைக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். தைரியமாக எழுதுங்கள்: பெரும்பகுதி கடலிலிருந்து வந்தது.

கோத்தகிரிப் பக்கம் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஒரு வினாடி வினாவில் இதே கேள்விக்கு, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்த என் மாணவி இதே பதிலைச் சொன்னாள். விடைத்தாளில் ‘பூமியின் கருவம்’ என்று இருந்ததால் மதிப்பெண் தரவில்லை. அதோடு விட்டிருக்கலாம். "கடலையே பார்த்திருக்க மாட்டே, மலையிலிருந்து வந்துட்டு கடலைப் பத்திப் பேசுற" என்றார் நடுவர். அரங்கமே சிரித்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. கடலடித் தட்டு வெறுங்கையோடு கீழே போவதில்லை. அதன் கனிமங்களில் நீர் பிணைந்திருக்கிறது. மேலே சேறும் சுண்ணாம்பும் படிந்திருக்கின்றன. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் சூடும் அழுத்தமும் சேர்ந்து அந்த நீரைப் பிரித்துவிடும். அது மேலேயுள்ள கவசப் பாறைக்குள் (பூமியின் மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள அடுக்கு) ஏறியதும் பாறையின் உருகுநிலை இறங்கி மாக்மா என்ற பாறைக்குழம்பு உண்டாகிறது. நீர், கார்பன் டை ஆக்சைடு, கந்தகம் எல்லாம் அதில் கரைந்து மேலே வருகின்றன. வெளிவரும் வாயுவில் நீராவிதான் மிக அதிகம்.

ஆதாரம் எங்கே என்பவர்களுக்கு: பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு. அண்டக்கதிர்களால் காற்றுமண்டலத்தில் உண்டாகி, மழையோடு இறங்கிக் கடல் சேற்றில் சேர்வது. சுமார் 14 லட்சம் ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும் என்பதால், பூமி பிறந்தபோதே உள்ளே இருந்தது என்று சொல்ல வழியில்லை. மத்திய அமெரிக்க எரிமலைக் குழம்பில் அது இருக்கிறது. சேறு உள்ளே போகாமல் அது எப்படி வந்தது?

எல்லாமே கடல் என்று நான் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஹீலியம் பெரும்பாலும் கவசத்தினுடையது. ஜாவாவின் மெராபி எரிமலையில் வழியிலுள்ள சுண்ணாம்புப் பாறையும் வெந்து கார்பன் டை ஆக்சைடைக் கூட்டுகிறது.

அப்புறம், ஊட்டி ஏரியை எரிமலை வாய் என்று சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. சுற்றியிருப்பது சார்னோகைட், பூமிக்குள் ஆழத்தில் உருவான பாறை. இதையும் என் பிள்ளைகள் ஒழுங்காகச் சொல்வார்கள், கேட்கத்தான் ஆள் வேண்டும்.