ரோஸ்டர் வந்த பிறகுதான் தீபாவளி: ஒரு விமானியிடம் மலையகத்துக் கேள்விகள்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் ஏ320 ரகப் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். "வேலை எப்படி, உண்மையைச் சொல்லுங்க" என்று ஊர்ப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். மேகம், சூரிய உதயம் பற்றி யாருமே கேட்கவில்லை. சம்பளம், லீவு, தூக்கம், கடன், இதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. நல்லதாகப் போயிற்று. நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் பதில்களில் பாதியை வெட்ட வேண்டி வரும்.

ஹட்டன், பஸ் சாரதி ஒருவர்: தம்பி, பிளைட் மூணு மணித்தியாலம் லேட்டுன்னா உங்களுக்கு ஓவர்டைம் வருமா?

பெரும்பாலான இடங்களில் வராது அண்ணே. அடிப்படைச் சம்பளம் ஒன்று உண்டு. அதற்கு மேல், பறந்த மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள். அந்த மணித்தியாலத்தை பிளாக் டைம் என்போம். விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகரும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், போய்ச் சேர்ந்து நிறுத்தியதும் நின்றுவிடும். ஆனால் நாங்கள் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே வந்து வானிலை, எரிபொருள் எல்லாம் பார்த்து, விமானத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருப்போம். பழுதான பாகம் ஒன்றை மாற்ற மூன்று மணித்தியாலம் ஆனால், அவ்வளவு நேரமும் காக்பிட்டிலேயே காத்திருப்போம். அது வேலை நேரக் கணக்கில் ஏறும், காசுக் கணக்கில் ஏறாது.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய், மழையில் மலை முழுக்க ஏறி இறங்கிய பிறகும், நிறுவையில் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான். தொகையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கணக்குப் போடுகிறவரின் புத்தி ஒன்றுதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

நுவரெலியா, ஓர் ஆசிரியை: தீபாவளி, பொங்கலுக்கு வீட்டுக்கு வர முடிகிறதா?

ரோஸ்டர், அதாவது வேலை அட்டவணை, வந்த பிறகுதான் தெரியும் டீச்சர். மாதத்துக்கு ஒரு தடவை வரும். விருப்பத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் நிறைய இடங்களில் அதை சீனியோரிட்டி வரிசைப்படி, அதாவது யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார் என்ற வரிசைப்படிதான் பார்ப்பார்கள். வரிசையில் மேலே இருப்பவர் நத்தாரையும் பாடசாலை விடுமுறையையும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் புதியவர்களுக்கு. எனக்கு ஒரு வசதி உண்டு. கூட வேலை செய்கிறவர்களில் பலருக்குத் தீபாவளி வேண்டாம், எனக்கு நத்தார் வேண்டாம். மாற்றிக்கொள்வோம். நத்தார் அன்று பறந்து பறந்தே சில தீபாவளிகளைச் சம்பாதித்திருக்கிறேன்.

சீனியோரிட்டி என்பது லீவோடு முடிவதில்லை. யார் எப்போது கப்டன் ஆவார், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் போவார் என்பதையும் பல நிறுவனங்களில் அந்த வரிசை எண்தான் முடிவு செய்யும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதனால்தான் மேலதிகாரிகளைத் திட்டிக்கொண்டே இருபது வருடம் ஒரே இடத்தில் கிடக்கிறவர்களைப் பார்க்கலாம். விட்டுப்போனால் எல்லாமே ஆரம்பத்திலிருந்து. வேலையில் எனக்குப் பிடிக்காதது எது என்று கேட்டால், சம்பளத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

கொட்டகலை, ஒரு தம்பி: இலங்கையில் வேலை செய்தால் வீட்டிலிருந்தே போய்வரலாமா?

முடியாது தம்பி. ஸ்டான்ட்பை என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உனக்குப் பறப்பு இல்லை, ஆனால் போன் வந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வீதி நன்றாக இருந்தாலே நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்து வீதியும் ரயில் பாதையும் என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நீர்கொழும்பில் ஓர் அறை, வாடகை, தனிமை. நானும் அப்படி இருந்தவன்தான்.

தூரத்திலிருந்து வேலைக்கு வருவதன் ஆபத்து பற்றி உலகம் பேசத் தொடங்கியது 2009 பெப்ரவரியில், அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு. விமானம் வேகம் இழந்தபோது கப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறு கரையிலிருந்து பயணம் செய்து வந்து, விமான நிலையத்து ஊழியர் அறையில் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். சம்பளமும் குறைவு. பக்கத்தில் வீடு எடுக்கக் கட்டுப்படியாகாத சம்பளம் கொடுத்தால் ஆட்கள் எங்கே தூங்குவார்கள் என்று அதுவரை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

பண்டாரவளை, ஒரு தாதி: நைட் டியூட்டியில எங்களுக்கே கண் சொருகும். உங்களுக்கு?

சொருகும் அக்கா. அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு தூங்கத்தான் பார்க்கும், சீருடை போட்டிருப்பது அதற்குத் தெரியாது. சில நாடுகளில், மற்ற விமானி விழித்திருக்க, இருக்கையிலேயே கொஞ்ச நேரம் கண்மூட விதிகள் இடம் தருகின்றன. அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. பயணிகளுக்கு இதைக் கேட்டால் பயமாக இருக்கும். எனக்கோ, திட்டமிட்டுத் தூங்குகிறவரைவிட இருவரும் தெரியாமல் தூங்கிப்போவதுதான் பயம்.

மணித்தியாலத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஐரோப்பிய விதிப்படி 28 நாளில் 100 மணித்தியாலம், ஒரு வருடத்தில் 900. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இன்று அதிகாலை 4 மணிக்கு வேலை, நாளை மறுநாள் இரவு முழுக்க வேலை, அடுத்து மறுபடி அதிகாலை என்று மாற்றி மாற்றிப் போட்டால், எந்த வரம்பையும் தாண்டாமலே ஆளைச் சாய்த்துவிடலாம். ரோஸ்டர் போடும் மென்பொருளுக்கு 'சட்டப்படி சரியா' என்று மட்டும்தான் தெரியும்.

இந்தியாவில் விமானிகள் பல வருடம் போராடி வாராந்த ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக்கினார்கள், இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்தார்கள். அந்த விதி முழுமையாக நடைமுறைக்கு வந்த கையோடு, 2025 டிசம்பரில் அந்நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான பறப்புகளை ரத்துச் செய்தது. ஓய்வு கொடுத்தால் ஓட்ட ஆள் போதவில்லை! அதுவரை எப்படி ஓட்டினார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

"எனக்குக் களைப்பு, இன்று ஓட்ட மாட்டேன்" என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு, அது கடமையும்கூட. நல்ல இடத்தில் ஒரு படிவத்தோடு முடியும். வேறு சில இடங்களில் அடுத்த வாரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "என்ன, அடிக்கடி களைப்பு வருதோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோர்ட்டன் பிரிட்ஜ், ஒரு பெரியவர்: ஏழு கன்னியர் மலையில விமானம் மோதினப்போ நான் சின்னப் பையன். அதோட டயரை இங்கே இன்னும் வச்சிருக்காங்க. அந்த மாதிரி இனி நடக்குமா?

ஐயா, 1974 டிசம்பர் 4 இரவு நடந்தது அது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு ஜித்தா போக வேண்டிய மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம், வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் சரியாக அறியாமலே, பாதுகாப்பான உயரம் என்று நம்பி இறங்கினார்கள். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதற்கு மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவில் இன்னொரு விமானம் இதே போல மலையில் மோதியிருந்தது. அதன் பிறகு, தரை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவியை அங்கே பெரிய விமானங்களில் கட்டாயமாக்கினார்கள். இன்று என் திரையில் பீதுருதலாகலை உட்பட எல்லா மலையும் நிறத்தோடு தெரியும். செய்மதி நான் இருக்கும் இடத்தைச் சொல்லும். அந்த வகை விபத்து மிகவும் அரிதாகிவிட்டது.

ஆனால் கருவியால் மட்டும் குறையவில்லை ஐயா. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனிக்குள் வேகம் எடுத்துக்கொண்டிருந்த விமானத்தில், "மற்ற விமானம் விலகிவிட்டதா?" என்று கூட இருந்த பொறியியலாளர் கேட்டார். மிக மூத்த கப்டன், விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பெரியவர் தப்புச் செய்யும்போது சின்னவர் எப்படி வாயைத் திறப்பது, பெரியவர் அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதெல்லாம் அதன் பிறகுதான் எங்களுக்குப் பாடமானது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சிமுலேட்டர் எனும் போலி விமானத்தில் செய்யும் பயிற்சியை விடக் கஷ்டமான பாடம். வயதில் மூத்தவரிடம் "சேர், உயரம் குறையுது" என்று உரக்கச் சொல்ல நமக்கு நாக்கு எழாது. பழக வேண்டும்.

மஸ்கெலியா, சின்னக் கேள்விகள் சில, ஒரே ஆள்: தானாகத்தானே ஓடுது, உங்களுக்கு என்ன வேலை? சாப்பாடு? அப்புறம், விமானத்தில் தேத்தண்ணி ஏன் வாய்க்கு விளங்கல?

தானாக ஓடும், நாங்கள் சொன்ன வழியில். சொன்னது சரியா என்று பார்ப்பதும், வழியை மாற்ற வேண்டி வந்தால் முடிவெடுப்பதும்தான் வேலை. சாப்பாடு இருவருக்கும் வேறு வேறு, கெட்டுப்போனால் ஒருவராவது தப்ப. தேத்தண்ணிக்கு உயரத்தைக் குறை சொல்வார்கள், நம்பாதீர்கள். கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். நுவரெலியாவே 6,128 அடி. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதித்து அருமையான பிளேன்டி வருகிறதே! தாங்கித் தண்ணீரும், நாக்கைக் காயவைக்கும் வறண்ட காற்றும், தூள் பையை இரண்டு தடவை முக்கிவிட்டு எடுக்கும் அவசரமும்தான் காரணம்.

ஹப்புத்தளை, பெயர் வேண்டாம் என்றவர்: மனசு சரியில்லைன்னா வெளியே சொல்லலாமா? வேலை போயிடாதா?

இதுதான் எங்கள் தொழிலில் ஆறாத புண். விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மெடிக்கல், அதாவது மருத்துவப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு முறை, 60 வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதில் தவறினால் லைசன்ஸ் செல்லாது, பறப்புக்காசும் நின்றுவிடும். இப்படியொரு கத்தி தலைக்கு மேலே தொங்கும்போது "எனக்குத் தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது" என்று மருத்துவரிடம் யார் உண்மை பேசுவார்? 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் துணை விமானி ஒருவர், நோயை நிறுவனத்திடம் மறைத்துவிட்டு, 150 பேரோடு விமானத்தைப் பிரான்ஸ் மலையில் மோதவைத்தார். ஐரோப்பாவில் 2021 முதல், விமானிகள் சக விமானிகளிடம் இரகசியமாகப் பேசி உதவி பெறும் ஏற்பாடு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் பக்கமும் பரவ வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சிகிச்சை எடுத்து, சில மாதம் தரையில் இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மறைத்துப் பிறகு பிடிபட்டவர்களுக்குத்தான் திரும்புவது கஷ்டம்.

தலவாக்கலை, ஒரு தங்கச்சி: பிள்ளை உண்டானால்?

தெரிந்ததும் சொல்ல வேண்டும், பறப்பு நிற்கும். சிக்கல் இல்லையென்றால் மருத்துவர் சம்மதத்தோடு 12ஆம் வாரத்திலிருந்து 26ஆம் வாரம் வரை பறக்கலாம் என்பது சர்வதேச விதி. பல நிறுவனங்கள் முழுக்கத் தரையிலேயே வைத்துவிடும். அந்த மாதங்களுக்கு என்ன சம்பளம் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே வாசித்துப் பார், சங்கடப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடாதே.

பொகவந்தலாவை, உயர்தர மாணவன்: அண்ணே, கணிதப் பிரிவு படிக்கிறேன். அப்பா காணி விற்றாவது படிக்க வைப்பேன் என்கிறார். சேரலாமா?

அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். வணிக விமானி லைசன்ஸுக்குக் குறைந்தது 200 மணித்தியாலம் பறக்க வேண்டும், சில முழுநேரப் பாடத்திட்டங்களில் 150. அது முடிந்தவுடன் வேலை வராது. ஏ320 மாதிரி ஒரு வகைக்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதற்கும் காசு பெரும்பாலும் உன்னுடையதுதான். கப்டன் இருக்கைக்குத் தேவையான லைசன்ஸுக்கு 1,500 மணித்தியாலம். எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருவதால் ரூபாய் விழுந்தால் கட்டணம் நடுவழியில் ஏறும். 2022இல் பாதிப் படிப்போடு நின்ற பிள்ளைகள் உண்டு. லைசன்ஸ் கையில் இருந்தும் இன்றுவரை வேலை கிடைக்காதவர்களும் உண்டு. சேர்க்கும்போது பள்ளிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பௌதிகவியலும் ஆங்கிலமும் நன்றாக வரட்டும். முதலில் கொழும்புக்குப் போய், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் வகுப்பு மெடிக்கல் செய்துகொள். மூக்குக் கண்ணாடி இருந்தால் பரவாயில்லை, நிறக்குருடு இருந்தால் சிக்கல். எங்கள் தொகுதியில் ஒரு பையனுக்கு அது லட்சக்கணக்கில் கட்டிய பிறகுதான் தெரியவந்தது. அந்தச் சான்றிதழ் கையில் வந்த பிறகு எனக்கு எழுது, எந்தப் பள்ளியில் என்ன கேட்க வேண்டும் என்று அனுப்புகிறேன். அதுவரை காணிப் பக்கம் போக வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.