அலங்கார ஓவியர் என்றால் யார்? பீட்டர் காஸ்டீல்ஸ் ஏன் அப்படி அழைக்கப்படுகிறார்?

அறைக்கு அழகு சேர்ப்பதற்காகவே வரைபவரை அப்படிச் சொல்வார்கள். கணப்படுப்புக்கு (குளிர்காய அறைச் சுவரில் கட்டும் அடுப்பு) மேலே, கதவு நிலைக்கு மேலே என்று இடத்தின் அளவு பார்த்து வரைய வேண்டும். காஸ்டீல்ஸ் அதில் கைதேர்ந்தவர்.

1684-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தார். 1708-இல் மைத்துனர் பீட்டர் டில்லமன்ஸுடன் இங்கிலாந்து போனார். தொடக்கத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து நகல் எடுக்கும் வேலைதான். அப்புறம் மயில், வாத்து, கோழி, பூக்கள் என்று சொந்தமாக வரைந்து செல்வந்தர்களின் மாளிகைகளுக்குள் நுழைந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1730-இல் வெளிவந்த அவருடைய பூப் படங்கள். கென்சிங்டனில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ராபர்ட் ஃபர்பருக்காக வரைந்தவை. மாதத்துக்கு ஒரு ஜாடி, மொத்தம் பன்னிரண்டு. ஜாடியிலிருந்து பூக்கள் பிதுங்கி வழியும்; ஒவ்வொன்றின் அருகிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துக் கீழே உள்ள பட்டியலில் பூவின் பெயரைப் பார்க்கலாம். எல்லாம் சேர்த்து 400 வகைகளுக்கு மேல்! சரியாகச் சொன்னால் அது ஒரு விற்பனைப் பட்டியல்தான். ஆனாலும் ஒவ்வோர் இதழின் மடிப்பிலும் அவர் காட்டிய அக்கறையைப் பார்த்தால் மனம் நெகிழும்.

1735-இல் ஓவியத் தொழிலை விட்டு, லண்டன் பக்கத்தில் ஒரு பருத்தித் துணி அச்சுப் பட்டறையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். இதை இறக்கம் என்று நான் நினைக்கவில்லை; சுவரில் இருந்த பூக்கள் துணிக்கு வந்தன, அவ்வளவுதான். 1749-இல் ரிச்மண்டில் காலமானார்.