பிஸ்டோரியஸ் தீர்ப்பை மாற்றியது மக்கள் கோபமா?

கேள்வி: இதழியல் படிக்கிறேன். தென்னாப்பிரிக்க ஓட்டவீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கும் மக்கள் கருத்தும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். முதலில் கொலை இல்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு கொலைதான் என்றார்கள். மக்கள் கோபம்தான் தீர்ப்பை மாற்றியது என்று எழுதலாமா?

பதில்: அப்படி எழுதாதீர்கள். இரண்டும் வேறு வேறு நீதிமன்றங்கள் சொன்னவை. அதைவிட முக்கியம், மக்கள் சண்டையிட்ட கேள்வி ஒன்று, மேல்முறையீட்டில் முடிவான கேள்வி வேறொன்று.

2013 பிப்ரவரி 14 அதிகாலை, பிரிட்டோரியாவில் தன் வீட்டுக் கழிப்பறையின் பூட்டிய கதவை நோக்கி பிஸ்டோரியஸ் நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்த அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்தார். சட்டப் பட்டதாரி, மாடல், வயது 29. திருடன் என்று நினைத்துச் சுட்டதாக பிஸ்டோரியஸ் சொன்னார். சண்டை போட்டுவிட்டுத் தெரிந்தே சுட்டார் என்றது அரசுத் தரப்பு. இரு கால்களும் இல்லாமல் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடியவர் பிஸ்டோரியஸ். விசாரணை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தது ஒரே கேள்வியில்: உள்ளே இருப்பது ரீவா என்று அவருக்குத் தெரியுமா?

தெரிந்திருந்தது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று 2014 செப்டம்பரில் நீதிபதி தொகோசிலே மசிபா தீர்ப்பளித்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஐந்தாண்டுச் சிறை. நீதிபதியை வசைபாடியவர்கள் ஏராளம். அந்த வசை தவறு. ஆனால் அதற்கு அடியில் இருந்த வேதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். துணைவர் கையாலேயே பெண்கள் கொல்லப்படுவது தென்னாப்பிரிக்காவின் ஆறாத புண்.

2015 டிசம்பர் 3 அன்று புளூம்ஃபான்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதைக் கொலை என்றார்கள். அரசுத் தரப்பு சட்டக் கேள்விகளை மட்டுமே அங்கே கொண்டுபோக முடிந்தது. 'ரீவா என்று தெரிந்தே சுட்டார்' என்று அவர்களும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்பதே பொருட்டல்ல என்றார்கள். ஒதுங்க இடமில்லாத சிறு அறை, உள்ளே ஆள் இருப்பது தெரியும், நான்கு குண்டுகள். சாவு நேரலாம் என்று உணர்ந்தும் துணிந்து சுட்டால், திருடனே இருந்திருந்தாலும் கொலைதான். தெருவில் நடந்த வாக்குவாதம் இந்த இடத்தைத் தொடவே இல்லை.

மசிபாவின் தீர்ப்பைச் சட்ட அறிஞர்கள் பலரும் அப்போதே விமர்சித்தார்கள். கதவுக்குப் பின்னால் இருந்தது யார் என்பதைப் பொருட்டாக எடுத்த இதே சட்டப் பிழையைத்தான் அவர்கள் சுட்டினார்கள். அந்த விமர்சனத்தையும் பொதுமக்கள் கோபத்தையும் ஒரே பத்தியில் கலந்துவிடாதீர்கள். பொதுமக்களில் இருந்து எடுத்த குழு தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையும் தென்னாப்பிரிக்காவில் 1969-லேயே ஒழிந்துவிட்டது. நீதிபதியும் அவருக்கு உதவ அமர்ந்த இரண்டு மதிப்பீட்டாளர்களும்தான் இந்த வழக்கைக் கேட்டார்கள். ஆகவே மக்கள் கருத்து ஜூரி வழியாக நுழைந்தது என்றும் சொல்ல வழியில்லை.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எது நடந்த சம்பவம் பற்றிய முடிவு, எது சட்டம் பற்றிய முடிவு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். மக்கள் கருத்தைத்தான் ஆராய வேண்டும் என்றால், தண்டனைக் கட்டம் இன்னும் நல்ல களம்: 2016-இல் கொலைக்கு ஆறு ஆண்டு, 2017 நவம்பரில் மேல்முறையீட்டில் 13 ஆண்டு 5 மாதம், 2024 ஜனவரியில் பரோல். பொதுமக்கள் நியாயமாகக் கருதுவது என்ன என்பதைத் தண்டனை விதிக்கையில் நீதிமன்றம் வெளிப்படையாகவே எடைபோடும். அந்தப் பக்கங்களில் உங்களுக்கு நேரடிச் சான்று கிடைக்கும்.